நகல் எனப்படுவது யாது?

நம் மன்றத்து நண்பர்களில் கணிப்பொறி பயில்வோர் பலர், பயிலாதோரும் பலர். வணிகவியலாரும் வரலாற்று மாணவரும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட வேண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதப் போவது கணிப்பொறியில் நகல் எடுப்பதைப் பற்றித்தான். ஆனால் அதனால் துன்பப்பட்டவர் ஒரு வணிகவியல் மாணவர். பிழை செய்தவன் கணிப்பொறி மாணவனாகிய நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூசை விடுமுறைக்கு ஊர் திரும்புவதற்காக நம்மவர் 41 பேர் ஒன்றாக ஹவுராவில் சென்னை மெயில் ஏறுவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு 600 ரூபாய் முன்பணம். பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் மன்றத்தின் பொருளாளர், எம்.காம். இரண்டாம் ஆண்டு மாணவர். நாங்கள் எல்லாரும் 'அண்ணன்' என்று அழைப்பவர். பட்டியலைக் கணிப்பொறியில் வைத்துக்கொள்ள ஒரு சிறு நிரல் எழுதித் தருகிறேன் என்று முன்வந்தவன் நான். பைத்தான் மொழியில் ஒரே இரவில் எழுதி முடித்தேன். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

ஒரு மாலை, எட்டுப் பேர் வருவது ஐயம் என்று தெரிந்தது. அவர்கள் வராவிட்டால், மீதியுள்ள 33 பேருக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் வண்டிச் சத்தத்துக்குமாக ஆளுக்கு 200 ரூபாய் எடுத்தால் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் பார்க்க விரும்பினேன். அசல் பட்டியலைத் தொடலாகாது என்னும் அறிவு எனக்கு இருந்தது. ஆகவே நகல் எடுத்தேன். நகலிலிருந்து எட்டுப் பெயர்களை நீக்கினேன். ஐயம் தீர அசலைத் திறந்து பார்த்தேன். 41 பெயர்களும் அப்படியே இருந்தன. நகல் சரியாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு நகலில் எஞ்சிய 33 பேரின் தொகையிலும் 200 குறைத்தேன். விடையைத் தாளில் குறித்துக்கொண்டேன். அன்று அசலில் இரண்டு பேரின் ஊர்ப்பெயரைத் திருத்தியிருந்தேன்; ஆகையால் அசலைச் சேமித்துவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் காலை விடுதியின் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. அதில் 33 பேருக்கு நேரே 400 என்று இருந்தது. எட்டுப் பேருக்கு மட்டும் 600. அந்த எண்மரில் ஒருவர் பொருளாளரின் அறைத்தோழர்.

அதன் பிறகு விடுதியில் என்ன பேசினார்கள் என்பதை நான் எழுத வேண்டுமா? 33 இருநூறுகள் 6,600 ரூபாய். பணத்தின் பெரும்பகுதி பயணச்சீட்டுக்குச் செலவாகிவிட்டதால், பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டவும் வழியில்லை. அண்ணன் ஒன்றும் பேசாமல் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து வைத்து ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினார். உண்மை வெளிப்பட இரண்டு நாள் ஆயிற்று. நான் எல்லார் முன்னிலையிலும் பிழை என்னுடையது என்று சொன்னேன். ஆனால் அந்த இரண்டு நாளில் சொன்ன சொற்களை யாரால் திரும்பப் பெற முடியும்? அடுத்த கூட்டத்தில் அவர் பொறுப்பைத் துறந்தார். கேட்டும் திரும்பவில்லை.

இதில் எனக்கு வெட்கம் தருவது வேறொன்றும் உண்டு. மேல்நகலுக்கும் ஆழ்நகலுக்கும் உள்ள வேறுபாடு யாது என்ற வினா என் பருவத் தேர்வில் வந்தது. ஐந்து மதிப்பெண். ஐந்தும் பெற்றவன் நான்.

அந்த ஐந்து மதிப்பெண் செய்தியைக் கணிப்பொறி அறியாத நண்பருக்கும் விளங்கச் சொல்ல முயல்கிறேன். அலிப்பூரில் பெல்வடியர் மாளிகைக்கு நம்மில் பலர் போயிருப்போம். தேசிய நூலகம் அங்கே 1953-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்ப் பேரகராதியின் தலைமைப் பதிப்பாசிரியராய் இருந்த வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுதி வந்து சேர்ந்திருப்பதும் அங்கேதான். பழைய நூலகங்களில் புத்தகத்தைத் தேடப் பெட்டி நிறையச் சீட்டுகள் இருக்கும். சீட்டில் புத்தகம் இராது. புத்தகம் எந்த அலமாரியில் எந்த எண்ணில் இருக்கிறது என்ற குறிப்புத்தான் இருக்கும். இப்போது ஒருவன் அந்தச் சீட்டுகளை எல்லாம் பார்த்து எழுதி இன்னொரு பெட்டியை நிரப்புகிறான் என்று கொள்ளுங்கள். புதிய பெட்டியிலிருந்து எட்டுச் சீட்டுகளைக் கிழித்து எறிந்தாலும் பழைய பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புதிய பெட்டியின் சீட்டைக் கொண்டு அலமாரிக்குப் போய், புத்தகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் மையால் கிறுக்கினால்? பழைய பெட்டியின் சீட்டைக் கொண்டு வருகிறவனும் அதே கிறுக்கலைத்தான் காண்பான். பெட்டிகள் இரண்டு, புத்தகம் ஒன்றே.

நான் செய்தது இதுவே. பெயர்களை நீக்கியது சீட்டைக் கிழித்தது. தொகையைக் குறைத்தது புத்தகத்தில் கிறுக்கியது. முதல் வேலையில் நகல் நகலாகவே நடந்துகொண்டதால், இரண்டாம் வேலையிலும் அப்படியே நடக்கும் என்று ஏமாந்தேன். முற்றிலும் தவறான நகல் என்றால் உடனே அகப்பட்டிருக்கும். பாதி சரியாக இருப்பதுதான் இதன் கொடுமை.

இத்தகைய நகலுக்கு மேல்நகல் என்று பெயர். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும், அப்பொருளுக்குள் இருக்கும் பொருள்களையும், அடிவரை சென்று புதிதாகப் படைத்துக்கொள்வது ஆழ்நகல். நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதினார்களே, அது ஆழ்நகல். பெயர்த்தெழுதிய ஏட்டில் ஒருவன் பிழையாகக் கீறினாலும் பழைய ஏடு பிழைபடாது.

சீட்டில் உள்ள குறிப்பைப் போன்றதைக் கணிப்பொறியாளர் 'ரெஃபரன்ஸ்' என்பர். நான் அதைச் 'சுட்டு' என்று சொல்ல விரும்புகிறேன். அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்து என்று நம் இலக்கணம் பெயரிட்டிருக்கிறது. 'அவன்' என்று நான் சொன்னாலும் நீங்கள் சொன்னாலும் ஆள் இரண்டாகிவிடுவதில்லை. இதைப் பள்ளியிலேயே கற்ற தமிழ் மாணவன் பட்டியலில் ஏமாறினான் என்றால் அதற்குக் காரணம் வேண்டுமல்லவா?

காரணம், சுட்டை நம் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள். நாம் வாழும் இந்நகரின் வடகோடியில், பாரக்பூர் டிரங்க் சாலையில், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்த எச்.ஈ.சி-2எம் என்னும் கணிப்பொறி 1956-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. இந்நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அந்நிறுவனமும் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய இசிஜு-1 என்னும் பொறி 1966-இல் இயங்கியது. எச்.ஈ.சி-2எம் பொறியின் முன் அமர்ந்தவர்கள் பொறியின் மொழியிலேயே ஆணைகளை எழுதினார்கள். ஒவ்வோர் எண்ணும் சுழலும் உருளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முகவரி வேறு, அம்முகவரியில் உள்ள பொருள் வேறு என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அதை மறந்தால் அன்றைய வேலை நடக்காது.

இன்றைய மொழிகள் அந்தச் சுமையை நம் தோளிலிருந்து இறக்கிவிட்டன. நன்றிதான். ஆனால் முகவரியை மறைத்தவர்கள் முகவரியை ஒழித்துவிடவில்லை. பைத்தானில் பட்டியலின் பெயரைச் சொல்லி 'காப்பி' என்றால் வருவது மேல்நகல். பட்டியலை முதல் முதல் கடைசி வரை வெட்டி எடுத்தாலும் மேல்நகல். ஜாவாவில் அர்ரேலிஸ்ட் என்னும் தொகுப்பின் 'குளோன்' ஆணையும் மேல்நகலே தருகிறது. குளோன் என்றால் உயிரையே இரட்டிப்பது என்று நாளிதழில் படிக்கிறோம். ஜாவாவின் குளோன் சீட்டுப் பெட்டியை மட்டும் இரட்டிக்கிறது! சி-ஷார்ப் மொழியில் 'ஐகுளோனபிள்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. தருவது மேல்நகலா ஆழ்நகலா என்று அது சொல்லவே சொல்லாது. ஆகவே பிறர் பயன்படுத்தும் நூலகங்களில் அதைக் கையாள வேண்டா என்று அம்மொழியை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவுரை கூறுகிறது.

இவற்றுக்கு முன்னரே ஸ்மால்டாக் மொழியார் இதில் நேர்மையாக இருந்தனர். 1983-இல் அடெல் கோல்ட்பர்க்கும் டேவிட் ராப்சனும் எழுதிய நூலில் மேல்நகல், ஆழ்நகல் என்று இரண்டு தனி ஆணைகள் தனிப் பெயரோடு இருக்கின்றன. பெயரிலேயே ஆழம் தெரிந்துவிடுகிறது. பின்வந்தவர்கள் பலர் வெறும் 'நகல்' என்று பெயரிட்டு, அதன் பொருளைக் குறிப்புரையின் மூலையில் எழுதிவைத்தார்கள். குறிப்புரையை மாணவன் எப்போது படிக்கிறான்? பிழை நேர்ந்த பிறகு.

'அப்படியானால் எப்போதும் ஆழ்நகலே எடுத்துவிட்டால் தொல்லை இல்லையே' என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. சூடுபட்ட பூனையாக, என் நிரலில் கண்ட இடமெல்லாம் ஆழ்நகல் எடுத்தேன். இரண்டாம் பிழை அங்கே பிறந்தது. முதற்பிழையை எல்லாரும் எச்சரிக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்வார் அரியர். ஆகவே இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

தொடர்வண்டியில் ஒரு பயணச்சீட்டில் ஆறு பேர் வரை போகலாம். ஆகவே என் பட்டியலில் ஆறு மாணவர்களின் பதிவுகள் ஒரே சீட்டின் பதிவைச் சுட்டி நின்றன. அது பிழையன்று, உலகில் அப்படித்தான் இருக்கிறது. சீட்டு உறுதியானால் ஆறு பேருக்கும் உறுதியாக வேண்டும். நானோ மாணவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து ஆழ்நகல் செய்தேன். விளைவு என்ன? ஆறு மாணவருக்கு ஆறு சீட்டுகள்! ஒன்றில் 'உறுதி' என்று மாற்றினேன். மற்ற ஐவரும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றார்கள். பிரிந்திருக்க வேண்டியதைச் சேர்த்து வைத்தது முதற்பிழை. சேர்ந்திருக்க வேண்டியதைப் பிரித்து வைத்தது இரண்டாம் பிழை. நல்வாய்ப்பாக இம்முறை பட்டியல் பலகைக்குப் போகுமுன் கண்டுகொண்டேன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாணவர்களைத் தனித்தனியே நகலெடுக்காமல், பட்டியல் முழுவதையும் ஒரே ஆணையால் ஆழ்நகல் எடுத்திருந்தால் பைத்தான் என்னைக் காத்திருக்கும். நகலெடுத்துக்கொண்டே போகும்போது, 'இந்தப் பொருளை ஏற்கெனவே நகலெடுத்துவிட்டேன், அதன் புது வடிவம் இங்கே இருக்கிறது' என்று அது ஒரு நினைவுக்குறிப்பு வைத்துக்கொள்கிறது. முதல் மாணவரின் சீட்டை நகலெடுத்ததும் குறித்துக்கொள்ளும். இரண்டாம் மாணவரிடம் அதே சீட்டைக் கண்டால் மறுபடி எடுக்காமல் புதுச் சீட்டையே சுட்டிவிடும். நகலிலும் ஆறு பேருக்கு ஒரு சீட்டே அமையும். நான் ஒவ்வொரு மாணவருக்கும் புது ஆணை இட்டதால் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பு வெறுந்தாளாகத் தொடங்கிற்று.

அந்தக் குறிப்பு இன்னொரு கேட்டையும் தடுக்கிறது. மாணவர் சீட்டைச் சுட்டுகிறார். சீட்டோ தன்னில் பயணம் செய்யும் மாணவர்களைச் சுட்டுகிறது. குறிப்பில்லாமல் நகலெடுப்பவன் மாணவரிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து மாணவருக்கும் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருப்பான். நினைவகம் தீர்ந்த பிறகுதான் நிற்பான்.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பொருள்கள் அனைத்தையும் ஜேசான் என்னும் எழுத்து வடிவாக்கி, அந்த எழுத்திலிருந்து திரும்பப் பொருள்களைப் படைத்துக்கொள்வது. எளிய வழிதான். ஆனால் அந்த வழியில் ஒரு சீட்டு ஆறாகிவிடும்; தேதி வெறும் எழுத்தாகிவிடும்; செக்குமாட்டுச் சுற்று இருந்தால் பிழை என்று நின்றுவிடும். 2022-க்குள் முன்னணி உலாவிகள் எல்லாவற்றிலும் 'ஸ்ட்ரக்சர்டுகுளோன்' என்ற முறையான ஆணை வந்துவிட்டது. அது பகிர்வையும் சுற்றையும் அறிந்து நடக்கிறது. ஆயினும் பழைய குறுக்குவழியை விடாதவர்களை இன்றும் நம் ஆய்வுக்கூடத்தில் காண்கிறேன்.

ஆழ்நகலுக்கே இடங்கொடாத பொருள்களும் உள. திறந்திருக்கும் கோப்பு, தரவுத்தளத்தோடு கொண்ட தொடர்பு, இவற்றை நகலெடுப்பது என்றால் என்ன பொருள்? கிணற்றில் இறங்கிய கயிற்றைப் படம் எழுதி வைத்துக்கொண்டு நீர் இறைக்க முடியுமா?

ஆகவே, 'மேல்நகலா, ஆழ்நகலா?' என்று தேர்வில் கேட்கும் வினாவே குறையுடையது என்பது என் கருத்து. எது தனியாக வேண்டும், எது பொதுவாக வேண்டும் என்று கேட்க வேண்டும். தொகை ஒவ்வொருவருக்கும் தனி. சீட்டு அறுவருக்கும் பொது. இதைப் பைத்தான் அறியாது, ஜாவா அறியாது. பூசை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும். அவன் அதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டுப் பிறகு ஆணை எழுத வேண்டும். நமக்கு வகுப்பில் வரையறையைச் சொல்கிறார்கள். நாம் மனப்பாடம் செய்கிறோம். கட்டமும் அம்பும் வரைந்து, 'இந்தக் கட்டத்தில் கைவைத்தால் யார் யாருக்குத் தெரியும்?' என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் கேட்டிருந்தால் எனக்கு ஐந்து மதிப்பெண் குறைந்திருந்தாலும் கவலையில்லை. ஆசிரியர்களைக் குறைகூறுவதாகக் கருத வேண்டா. பாடத்திட்டத்தின் நீளம் அவர்களை விரட்டுகிறது என்பதை நானும் அறிவேன்.

இன்னொரு வழியும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர் பேராசிரியர் அல்லர், பொருளாளர் அண்ணன்தான். எல்லாம் அடங்கிய பிறகு அவர் அறைக்குச் சென்றேன். தேநீர் கொடுத்தார். என் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் எண்ணிவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீ தொகையை மாற்றினாய் என்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் கணக்கில் எழுதியதை மாற்றுவது என்பதே கிடையாது. 600 வந்தால் 600 என்று எழுதுவோம். 200 கொடுத்தால் அதைக் கீழே தனியாக எழுதுவோம். தவறாக எழுதிவிட்டாலும் அழிக்க மாட்டோம், எதிர்ப்பதிவு போடுவோம். அழித்த பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்."

நான் வாயடைத்துப் போனேன். பொருள்களை மாற்றவே முடியாதபடி படைத்துவிட்டால், ஒரே பொருளை எத்தனை பேர் சுட்டினாலும் தீங்கு இல்லை. கிறுக்க முடியாத புத்தகத்துக்கு எத்தனை சீட்டு எழுதினால் என்ன? நகல் என்ற கவலையே பெரும்பாலும் எழாது. கணிப்பொறி உலகமும் மெல்ல மெல்ல இவ்வழிக்கு வருகிறது. 2018-இல் வந்த பைத்தான் 3.7, உறைந்த பதிவுகளைப் படைக்க வசதி தந்தது. ஜாவாவில் 'ரெக்கார்டு' என்பது 2021-இல் நிலைபெற்றது. இரண்டிலும் ஒரு பொத்தல் உண்டு. உறைந்த பதிவுக்குள் மாறக்கூடிய பட்டியல் ஒன்றை வைத்துவிட்டால் அந்தப் பட்டியல் மாறிக்கொண்டுதான் இருக்கும். உறைவும் மேலோட்டமான உறைவே. ஆகவே இங்கும் அடிவரை எண்ணித்தான் ஆகவேண்டும். ஆயினும் வணிகவியலார் பேரேட்டில் கண்ட ஒழுங்கை நாம் இவ்வளவு காலம் கடந்து கற்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

நிரலைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அதில் தொகை என்று ஓர் இடமே இல்லை. வரவும் செலவும் வரிவரியாக இருக்கின்றன, கூட்டிப் பார்த்தால் தொகை வரும். புதிய பொருளாளர் அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். தாளில்தான் எழுதுகிறார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

வரும் சனிக்கிழமை மாலை மன்றத்து அறையில் முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து கட்டமும் அம்பும் வரையலாம் என்று இருக்கிறேன். கணிப்பொறி வேண்டா, கரும்பலகையும் சாக்குக்கட்டியும் போதும். பயணச்சீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழைய பொருளாளர் அண்ணனையும் வந்து பேரேட்டைப் பற்றிச் சொல்லுமாறு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.